படியும் பதமும்

காஞ்சிக்கு வரும் வழியில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று முதலில் எழுதி வைத்தவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் பசியோடு எதிரில் வருகிற இன்னொரு பாணனுக்குக் கச்சிக்கு வழி சொல்கிறான். வழி சொல்கிற சாக்கில் ஒரு சாப்பாட்டுக் கணக்கையே ஒப்பிக்கிறான். எயினர் குடிசையில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். கோவலர் வீட்டில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்தில் வரகுச்சோற்றோடு அவரைப் புழுக்கு. மருத நிலத்து உழவர் வெண்ணெல் சோற்றுக்கு வீட்டுக் கோழியை வாட்டிப் போடுவார்கள். வலைஞர் குடியில் சுட்ட மீன். அந்தணர் வீட்டில் நல்லரிசிச் சோற்றுடன், மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வேகவைத்த கறியும் வடுமாங்காயும்.

இதில் எது உயர்ந்தது என்று பாணன் சொல்லவே இல்லை. எந்த நிலத்தில் எது விளைகிறதோ அதை அந்த வீட்டார் எப்படிப் பக்குவம் செய்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். தமிழ்நாட்டுச் சமையல் பாணிகளைப் பற்றி இதைவிடப் பாரபட்சமில்லாத அறிக்கை அதற்குப் பிறகும் வந்ததாகத் தெரியவில்லை.

இந்த மலருக்காகக் காஞ்சி வீடுகளிலிருந்து சமையல் குறிப்புகளைத் திரட்டியிருக்கிறார்கள். அவற்றின் பின்னாலிருக்கும் பாணிகளைப் பற்றியும் அவற்றை அளக்கும் அளவுகோல்களைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்குவத்தை எழுதி வைப்பவரால் மட்டும் அது பிழைத்திருப்பதில்லை. தின்று பார்த்துவிட்டு ‘இது சரியாக வரவில்லையே’ என்று சொல்லத் தெரிந்த பத்துப் பேர் தெருவில் இருக்கும்வரைதான் அது பிழைக்கும். அந்தப் பத்துப் பேரை உண்டாக்க ஒரே வழி, செய்ததைப் பத்து வீட்டுக்குக் கொடுப்பது.

கோயிலிலிருந்து தொடங்குவதுதான் முறை. சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் குடலை இட்லி தயாராகிறது. வெளியூரில் அதற்குக் காஞ்சிபுரம் இட்லி என்று பெயர்; உள்ளூரில் கோயில் இட்லி. பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்க்கிறார்கள். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, அதில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். வேக மூன்று மணி நேரம்வரை ஆகிறது. எடுத்துக் கவிழ்த்தால் தூண்போல நிற்கும். அதை வில்லைகளாக அறுத்துக் கொடுப்பார்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. குழித்தட்டில் ஊற்றும் வீட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். குடலை இட்லி நெடிய கட்டி என்பதால் அதன் நடுவுக்கு ஆவி போய்ச் சேர நேரமாகிறது. மாவை நைய அரைத்தால் வெளிப்புறம் வெந்து நடுப்பகுதி பிசினாக நின்றுவிடும். கொரகொரப்பாக இருந்தால் ஆவி புகுவதற்கு மாவுக்குள்ளேயே இடம் இருக்கும். மூங்கில் பின்னலின் இடுக்குகள் வழியாக நாலாபுறமும் ஆவி உள்ளே வரும், மிஞ்சிய ஈரமும் வழிந்துவிடும். மந்தாரை இலை மாவைக் குடலையில் ஒட்டவிடாது. தன் வாசனையையும் கொஞ்சம் கொடுக்கும். இலையை மாற்றி வாழையிலை போட்டால் அது வேறு பண்டம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் அதுவும் வேறு பண்டம்தான். அதற்கு மேலே மிளகையும் சுக்கையும் எவ்வளவு தூவினாலும் சரி.

அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள கணக்கில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. சாதாரண இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது எல்லோரும் அறிந்தது. காஞ்சி இட்லிக் குறிப்புகளில் இரண்டுக்கு ஒன்று என்பதிலிருந்து சரிக்குச் சரி வரைக்கும் உளுந்து ஏறுகிறது. பச்சரிசி மட்டும்தான் என்று ஒரு கட்சி. பாதி புழுங்கலரிசி சேர்க்காவிட்டால் மறுநாள் கல்லாகிவிடும் என்று இன்னொரு கட்சி. தயிர் விட்டுப் புளிக்க வைப்பது மூன்றாவது கட்சி. அவசரக்காரர்களின் கட்சி என்று முதல் இரண்டு கட்சியும் சேர்ந்து இதைத் திட்டும். அந்தக் கோயிலில் பாசுரம் பாடும் உரிமை பற்றிய தென்கலை, வடகலை வழக்கு தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியது ஊரறிந்த கதை. இட்லியின் ருசியில் மட்டும் இரு கலையாருக்கும் கருத்து வேறுபாடு வந்ததாக நான் கேட்டதில்லை.

உளுந்து கூடுதலாக இருப்பதைப் பற்றி இன்னொரு விஷயம். இட்லி பற்றிய மிகப் பழைய குறிப்பு கன்னடத்தில் இருக்கிறது. 920-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘வட்டாராதனெ’ என்ற சமண நூலில் ‘இட்டலிகெ’ என்ற பெயர் வருகிறது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’ சுமார் 1130-இல் அதைச் செய்யும் முறையையே சொல்கிறது. அந்த இட்லி வெறும் உளுந்து. அரிசி பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே உளுந்து தூக்கலான காஞ்சி இட்லியைப் பழைய வழியின் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். நிரூபிக்க முடியாத ஊகம் அது. ஆனால் கேட்க நன்றாயிருக்கிறது.

கோயில் சமையலின் அளவுகோல் கைப்பக்குவம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் அளவுகோல் படித்தரம்: எந்த நிவேதனத்துக்கு எந்தச் சாமான் எவ்வளவு என்ற நிர்ணயம். 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு கும்மாயம், காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேண்டியதை ஏற்பாடு செய்கிறது. திருமலைக் கல்வெட்டுகளில் விஜயநகர காலத்தில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி என்று வரிசையாக வரும். ஒரு படிக்கு அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி, சர்க்கரை இத்தனை பலம், மிளகு இவ்வளவு என்று கணக்கும் இருக்கும். கட்டளை வைத்தவர் நெய்யில் கைவைக்க முடியாதபடி பரிசாரகரைக் கட்டுவதற்கு எழுதியவை அவை. நமக்கு அவை சமையல் புத்தகமாகி விட்டன. தமிழ்நாட்டில் சமையல் குறிப்பை முதலில் பொதுவில் வைத்தவர்கள் கணக்கர்கள் என்று சொன்னால் சமையற்காரர்கள் கோபிக்கக் கூடாது.

கல்வெட்டில் அளவு இருக்கிறது, பதம் இல்லை. பாகு எப்போது இறக்க வேண்டும், மாவு எவ்வளவு புளிக்க வேண்டும் என்பதைச் சுவரில் வெட்ட முடியாது. அது மடைப்பள்ளியில் அப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொண்டது. அந்தக் குடும்பங்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது. ஆனாலும் பக்குவம் மாறவில்லை. காரணம், பிரசாதம் வெளியே வந்துகொண்டே இருந்தது. மிளகு ஒருபிடி குறைந்தாலும் மாடவீதிக் கிழவர் ஒருவர் வாயில் போட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். செய்முறை பூட்டியிருந்தது, ருசி திறந்திருந்தது. கோயில் பாணியின் சூட்சுமம் இதுதான்.

வீடுகளுக்கு வருவோம். பெருமாள் கோயிலைச் சுற்றிய ஐயங்கார் வீடுகளில் சமையலுக்குத் தளிகை என்று பெயர். ரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. அக்காரவடிசலில் அரிசி பாலிலேயே குழைய வேண்டும். தண்ணீரில் வேகவைத்துப் பால் ஊற்றியதை மாமியார்கள் முகர்ந்தே கண்டுபிடிப்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில், மடத்தை ஒட்டிய ஸ்மார்த்த வீடுகளில் பந்தியின் வரிசைக்கிரமம்தான் சாஸ்திரம். எதற்குப் பின் எது, இலையின் எந்த மூலையில் எது என்பதில் தவறினால் சமையல் நன்றாக இருந்தும் பயனில்லை. இவற்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது அதிகம் எழுதப்படாத ஒன்றை: திவசச் சமையலை.

திவசத்தன்று மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு கிடையாது. பெருங்காயம்கூட பல வீடுகளில் கிடையாது. காரத்துக்கு மிளகு. வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அதற்கும் பிறகு. ஆண்டின் மற்ற நாட்களில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட சமையலறை, அந்த ஒரு நாள் மட்டும் ஐந்நூறு ஆண்டு பின்னால் போய்விடுகிறது. தமிழ்ச் சமையலின் பழைய முகத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம், திவச வீட்டுக்குப் போகலாம். போகலாம் என்றால், கூப்பிட மாட்டார்கள். பகிரக் கூடாத சமையல் அது. அதனாலேயே அந்தப் பக்குவம் வீட்டோடு அடங்கிப்போகிறது. மிளகுக் குழம்பு எல்லா ஊரிலும் ஓட்டலுக்கு வந்துவிட்டது. திவசத்து மிளகு வடைக்கு உளுந்தை எவ்வளவு ஊறவைப்பது என்று தெரிந்தவர்கள் இப்போது பெரும்பாலும் கூலிக்கு வந்து சமைப்பவர்கள்தாம்.

தறித் தெருக்களின் சமையல் முற்றிலும் வேறு உலகம். செங்குந்தர், சாலியர், தேவாங்கர் என்று நெசவுக் குடிகள் பல. தெலுங்கு பேசும் வீடுகளில் பப்பும் புலுசும் உண்டு. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். பாவு பிணைப்பது முதல் ஊடைக்குத் தார் சுற்றுவது வரை வீட்டிலுள்ள எல்லோருக்கும் வேலை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் கிடையாது. ஆகவே ஒருமுறை ஏற்றினால் தானே ஆகிற சமையல், இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் எடுத்துக்கொள்கிற பழையது, சுண்டச் சுண்ட ருசி ஏறுகிற குழம்பு. சாப்பிட்டுவிட்டு மறுபடி குழித்தறியில் இறங்குமுன் கையில் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் நிற்கக் கூடாது. பல்லாயிரம் ரூபாய்ச் சேலையில் ஒரு விரல் தடம் விழுந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள். இந்த வீடுகளில் பொரியல் வறட்டலாகவே இருப்பதற்குக் கஞ்சத்தனத்தைக் காரணம் சொல்லும் வெளியூர் மருமகள்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஆடி மாதம் மட்டும் இந்தத் தெருக்கள் சேர்ந்து சமைக்கும். அம்மனுக்குக் கூழ் வார்ப்பது. வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்குவார்கள். சிலர் மாவு கொடுப்பார்கள், சிலர் நொய், சிலர் மோர், சிலர் விறகுக்குப் பணம். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். அண்டாவில் நொய் குழைந்ததும் கரைத்த மாவை ஊற்றி ஒருவர் மாற்றி ஒருவர் துடுப்பால் கிண்டுவார்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரே சோதனைதான்: கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு களியைத் தொட வேண்டும். ஒட்டினால் இன்னும் வேகவில்லை. தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் தெருவிலேயே மூத்த ஒரு பெண்மணி; அவர் தலையாட்டாமல் அண்டாவை இறக்க யாருக்கும் துணிச்சல் வராது. ஆறியபின் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, முருங்கைக்கீரையோடு ஊற்றுவார்கள். கருவாட்டுக் குழம்பு அவரவர் வீட்டு ஏற்பாடு. சொம்பு, தூக்கு, வாளி என்று கையில் கிடைத்ததை நீட்டிக்கொண்டு தெருவே நிற்கும்.

இந்தக் கூழுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. பத்து வீட்டு மாவு கலந்திருக்கிறது. எந்த வீட்டுக் கைமணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறிப்பு எழுதச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஊரில் மாறாமல் நிற்கும் பக்குவங்களில் கூழுக்கு முதலிடம் கொடுப்பேன், கோயில் இட்லிக்கும் முன்னால். மணிமேகலை பஞ்ச காலத்தில் அமுதசுரபியோடு வந்து எல்லா உயிருக்கும் சோறிட்ட நகரம் இதே கச்சி என்பது காப்பியக் கதை. அதை மேடையில் பேசுகிறவர்கள் ஆடி வெள்ளியன்று தறித் தெருப் பக்கம் கொஞ்சம் நடந்தால் நல்லது.

ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற திருப்பருத்திக்குன்றத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கிருக்கும் தமிழ்ச் சமணர் வீட்டுச் சமையலைப் பற்றிக் கேட்பதில்லை. மரபில் ஊன்றிய குடும்பங்களில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லை, தேன் இல்லை, பொழுது சாய்ந்தபின் சாப்பாடு இல்லை. இத்தனை ‘இல்லை’யை வைத்துக்கொண்டு ஒரு குழம்புக்கு அடர்த்தி கொடுப்பது எப்படி என்பது தனி வித்தை. பருப்பு, தேங்காய், மிளகு இவற்றின் அரைப்பிலேயே முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. இந்தப் பாணி பற்றிய குறிப்புகள் இந்த மலரில் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

ஒருவர் வீட்டுப் பக்குவம் இன்னொருவர் வீட்டுக்குப் போனதா என்றால், நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதிகம் போகவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் பக்குவத்தை எப்படிப் பரிமாறிக்கொள்வார்கள்? பிரசாதம் எல்லாத் தெருவுக்கும் போயிற்று, பந்தி போகவில்லை. சுயமரியாதை இயக்கத்தார் சமபந்திக்குக் குரல் கொடுத்தது இந்தச் சூழலில்தான். 1909-இல் இந்த ஊரில் பிறந்த அண்ணா 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார். அந்த நினைவு நாளில் இன்றைக்கும் அறநிலையத் துறைக் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. நாத்திகப் பாசறையிலிருந்து வந்த ஒருவருக்குக் கோயிலில் சாப்பாடு போட்டு நினைவு கொண்டாடுவது தமிழ்நாட்டில்தான் நடக்கும். அந்தப் பந்தியில் பரிமாறும் சாம்பாரின் தரம் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பதும் ஒரு சமையல் வரலாறுதானே.

தெருக்களைத் தாண்டிப் பக்குவத்தைக் கொண்டுபோனது ஓட்டலும் புத்தகமும். ஓட்டல் காஞ்சிபுரம் இட்லியைப் பற்றி முன்பே ஜாடையாகச் சொல்லிவிட்டேன். சாதா இட்லி மாவில் முந்திரியும் மிளகும் போட்டு டம்ளரில் வேகவைத்தது. கெட்ட பண்டம் என்று சொல்ல மாட்டேன், பசிக்கு நல்லது. 2019-இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில் ஊருக்கு வந்த கூட்டம் கணக்கில் அடங்காது. முதல்முறை தின்கிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ருசி கிடையாது. அவரிடம் எதை நீட்டினாலும் அதுதான் காஞ்சிபுரம் இட்லி. பட்டில் இந்த ஆபத்துக்கு ஓரளவு காவல் இருக்கிறது. புவிசார் குறியீடு இருக்கிறது, சரிகையில் எவ்வளவு வெள்ளி என்று சோதிக்கக் கருவி இருக்கிறது. திருப்பதி லட்டும் பழனிப் பஞ்சாமிர்தமும்கூடக் குறியீடு வாங்கிவிட்டன. குறியீடு பெயரைக் காப்பாற்றும். நாக்கைக் காப்பாற்றாது.

புத்தகம் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளை விட்டுவிட்டுப் பேச முடியாது. உறவினர்கள் கேட்கக் கேட்கக் கடிதத்தில் பக்குவம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர். இளவயதிலேயே கணவரை இழந்தவர். இதையெல்லாம் புத்தகமாக்கு என்று மாமா கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தூண்ட, 1951-இல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் அது ஏறியது. பிறகு கடல் கடந்து போகும் பெட்டிகளிலும் ஏறியது. அதற்கு முன்பும் நூல்கள் இருந்தன. தஞ்சை சரபோஜி அரண்மனைச் சமையலைச் சொல்லும் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ சரஸ்வதி மகாலில் இருக்கிறது. அது அரண்மனைக்கு எழுதியது. மீனாட்சி அம்மாள் எழுதியது பக்கத்தில் கேட்டுச் செய்ய யாரும் இல்லாத பெண்ணுக்கு. தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த நிறம் வந்ததும் இறக்குவது என்று விடாமல் சொல்கிறார். ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும் இன்றைய குறிப்பெழுத்தாளர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

பழைய குறிப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது: அளவுகள். மலருக்கு வந்த தாள்களில் ஒன்று தறிக்கணக்கு நோட்டிலிருந்து எடுத்தது. ஓரத்தில் பாவு, ஊடை எடைக் கணக்கு, வாங்கிய முன்பணம். நடுவில் மையழிந்த கையெழுத்தில் அதிரசம்: அரிசி ஒரு படி, வெல்லம் முக்கால் வீசை, ஏலம், சுக்கு. வீசை நாற்பது பலம், பலம் சுமார் 35 கிராம், ஆகவே வீசை 1.4 கிலோ. முக்கால் வீசை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எட்டு ஆழாக்கு கொண்ட பெரிய படிக்கு அது சரியான கணக்கு. குறிப்பு எழுதிய பாட்டியின் பேத்தி வீட்டில் இருந்ததோ அதில் பாதி பிடிக்கிற சின்னப் படி. அதில் அரிசியை அளந்து, வெல்லத்தை மட்டும் எடைபோட்டு ஒரு கிலோ சேர்த்தால் அதிரசம் எண்ணெயில் போட்டவுடன் கரைந்து பிரிந்துவிடும். பிரிந்துவிட்டதாம். பாட்டி எதையோ மறைத்துவிட்டாள் என்று வீட்டில் பேச்சு. 1962-க்குள் மெட்ரிக் அளவு கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்திய குறிப்பு எதைத் தொட்டாலும் எந்த ஊர்ப் படி என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் அதிரசம் வராமல் போகலாம். ஊறவைத்த பச்சரிசியை நிழலில் ஆற்றி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் நிலையிலேயே இடிக்க வேண்டும். உலர்ந்த மாவில் பாகு ஏறாது. பாகைச் சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும். டங்கென்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது. அது கமர்கட்டுக்கு ஆகும். பாகும் மாவும் கலந்ததை ஒருநாளாவது மூடிவைக்க வேண்டும். இவ்வளவையும் அந்த நோட்டில் எழுதவில்லை. எழுதியவருக்கு அது தெரியாமல் இல்லை. படிக்கப்போகிறவருக்குத் தெரியாமலிருக்கும் என்று தோன்றவில்லை. அதே தெருவில் ஐந்து வீட்டில் அதிரசம் சுடுகிற காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு அது. சந்தேகம் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டி ஒரு சாமானை மறைத்துத்தான் சொல்லுவாள் என்பது தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்திலும் உள்ள ஐதிகம். பத்தில் ஒன்பது சமயம் அந்தக் குற்றச்சாட்டு பொய் என்பது என் எண்ணம். சொல்லாமல் விட்டதெல்லாம் பாட்டிக்குச் சொல்லத் தகுந்ததாகவே தோன்றாதவை: ஈயச் சொம்பு, விறகின் தணல், செக்கு எண்ணெய், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பத்தாவது சமயம் உண்மையாகவே மறைத்திருக்கலாம். அதற்கும் அவளுக்கு நியாயம் இருந்திருக்கும். வேறு சொத்து எதுவும் அவள் பெயரில் இல்லை.

ஆகவே மலர்க் குழுவினர் குறிப்பு கொடுத்தவர்களிடம் வைத்த நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் வீட்டில் அல்லாமல், வேறு தெருவில் வேறு ஒருவர் அதைச் செய்ய வேண்டும். எழுதியவர் வந்து தின்று பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் அச்சுக்கு, இல்லையென்றால் திருத்தத்துக்கு. இதனால் சில நல்ல குறிப்புகள் இந்த முறை இடம்பெறவில்லை. சில வீடுகளுக்குள் முதல்முறையாக அடுத்த தெருக்காரர்கள் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் சண்டையும் வந்தது. குடலை இட்லிக்கு வெந்தயம் போடலாமா என்ற தகராறு இன்னும் தீரவில்லை. இரண்டு வடிவத்தையும் அச்சிட்டுவிட்டார்கள்.

குறை ஒன்று உண்டு. வந்த குறிப்புகளில் முக்கால்வாசி பண்டிகைப் பலகாரம். பெருமையாகக் காட்டக்கூடியதைத்தான் எல்லோரும் எடுத்து நீட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் பற்றி ஒரு தாள் கூட வரவில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம், பத்தியம் விடுகிற அன்று முதல் கவளம் எது என்ற வழக்கம் எதுவுமே இல்லை. ஜுரக்காரருக்கான மிளகுக் கஞ்சி இல்லை. துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் சமைத்து எடுத்துப்போகும் சாப்பாட்டில் எது சேர்க்கலாம், எது கூடாது என்பது இல்லை. பாவு போடும் நாளில் விடியற்காலையில் தெருவுக்கு வருகிற ஆட்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்பதும் இல்லை. தறி குறையக் குறைய அந்தக் காலைச் சாப்பாடும் டீக்கடைக்குப் போய்விட்டது. இவற்றைச் செய்து பழகியவர்கள் எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பெரும்பாலோர் எழுதமாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்லுவார்கள். அடுத்த மலருக்கு அறிவிப்பு போட்டுக் காத்திராமல், இந்த ஆடியிலேயே ஆளுக்கொரு தெருவாகப் பிரித்துக்கொண்டு கிளம்பலாம். படியையும் தராசையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.